முனிசீப் வேதநாயகர் நடத்திய வகுப்பு

நெல்லிக்குப்பம் இரயில் நிலையத்தில் மயிலாடுதுறை செல்லும் பாசஞ்சர் வண்டியில் ஏறி அமர்ந்தால், கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்செல்லும். கொள்ளிடத்துப் பாலத்தைக் கடந்ததும் சீர்காழி. அடுத்துச் சற்றுத் தொலைவில் மயிலாடுதுறை. அந்நாளில் அதற்கு மாயூரம் என்று பெயர். தமிழில் உரைநடை நாவல் என்னும் இலக்கிய வகையைத் தொடங்கி வைத்த கத்தோலிக்கர் ஒருவர் முனிசீப்பாக அமர்ந்து வழக்குக் கேட்ட ஊர்கள் இவை. நமக்கு அரைநாள் பயணத்தில் எட்டக்கூடிய ஊர்கள். இருந்தும் மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்ற பெயரை, 'முதல் தமிழ் நாவலாசிரியர் யார்?' என்னும் ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாக மட்டுமே நம் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்த நானும் அப்படித்தான் கற்பித்தேன். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு முழு வகுப்பறையே இருந்தது என்பதை, நான் செய்த ஒரு தவற்றின் வழியாகத்தான் கற்றுக்கொண்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், 'கல்வியே அழியாச் செல்வம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எல்லாரும் எழுதினார்கள். எல்லாக் கட்டுரைகளும் ஒரே கட்டுரைதான். வெள்ளத்தால் அழியாது, வெந்தணலில் வேகாது, கள்வரால் கவர முடியாது என்ற அதே தொடர்கள் அதே வரிசையில் வந்தன. ஒரே ஒரு மாணவன் மட்டும் வேறாக எழுதியிருந்தான். தன் அண்ணன் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளாகியும் வேலையின்றி, அப்பாவோடு சேர்ந்து கரும்பு வெட்டப் போகிறான் என்றும், கையெழுத்துப் போடத் தெரியாத பக்கத்து நிலத்துக்காரரை ஊரே எழுந்து நின்று வணங்குகிறது என்றும், ஆகவே கல்வியைச் செல்வம் என்று சொல்பவர்கள் செல்வம் உள்ளவர்களாகவே இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தான். ஒற்றுப்பிழைகள் நிறைய. ஆனால் அவன் மனத்தில் பட்டதைச் சான்றோடு எழுதிய கட்டுரை அந்த வகுப்பில் அது ஒன்றுதான். நான் சிவப்பு மையில் 'தலைப்புக்கு மாறானது' என்று எழுதிச் சுழியம் போட்டேன். அவன் எதுவும் கேட்கவில்லை. அடுத்த கட்டுரையில் அவனும் வெள்ளத்தால் அழியாது என்றே எழுதினான்.

அந்தக் கோடை விடுமுறையில், எந்த நோக்கமும் இல்லாமல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். தொடக்க அத்தியாயங்களிலேயே என் மாணவனின் கேள்வி என்னை எதிர்கொண்டது. பொருள் உள்ளவனுக்குக் கல்வி எதற்கு என்ற எண்ணம் அந்நாவலின் கதைத்தலைவனுக்கே இருந்தது! வேதநாயகர் அதற்குச் சுழியம் போடவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு கதையையே விடையாக எழுதத் தொடங்கியிருந்தார்.

நீதிமன்றத்தில் கற்ற தமிழ்

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். இளமையில் திருச்சிராப்பள்ளியில் தியாகராச பிள்ளை என்பவரிடம் ஆங்கிலமும் தமிழும் பயின்றார். அந்நகர நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணிசெய்தார். 1857ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் முனிசீப்பானார். டேனியரிடமிருந்து ஆங்கிலேயர் அவ்வூரை 1845இல் விலைக்கு வாங்கி அப்போது பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னர் சீர்காழியிலும், நெடுங்காலம் மாயூரத்திலும் நீதி வழங்கினார். பணியிலிருந்து விலகியபின் மாயூரம் நகரசபைத் தலைவராகவும் இருந்தார். 1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் மறைந்தார்.

இவ்வாழ்க்கையில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது அந்த மொழிபெயர்ப்பாளர் பணியாகும். ஒரு மொழியில் சொல்லப்படும் வழக்கை மற்றொரு மொழியில், ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் சொல்ல வேண்டிய பணி அது. வாதி சொல்வது பொய்யென்று தோன்றினாலும் அதை அவன் சொன்னவாறே சொல்லியாக வேண்டும். பிரதிவாதியின் மீது இரக்கம் தோன்றினாலும் அவன் வாக்குமூலத்தை அழகுபடுத்த இயலாது. எதிர்த்தரப்பை அதன் முழு வலிமையோடு எடுத்துரைக்கும் பயிற்சியை இதைவிடச் சிறப்பாக எந்தப் பள்ளி தர முடியும்? அதற்குப்பின் முனிசீப்பாக அமர்ந்தபோது இருபுறமும் கேட்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது அவருக்கு அன்றாட ஒழுக்கமாயிற்று.

அந்த நாற்காலியிலிருந்து அவர் கண்ட இன்னொன்றும் உண்டு. தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன; தீர்ப்புக்கு ஆளானவர்கள் தமிழர்களாக இருந்தார்கள். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கி 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் அவர் வெளியிட்டார். சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டிய மக்கள் அச்சட்டத்தைத் தம் மொழியில் படித்தறிய வேண்டும் என்னும் எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. நாவலாசிரியர் வேதநாயகருக்கு முன்னோடி இந்த மொழிபெயர்ப்பாளர் வேதநாயகரே.

செய்யுளிலிருந்து கதைக்கு

அவர் முதலில் நாடியது செய்யுளைத்தான். 1859இல் 'நீதிநூல்' வந்தது. 1869ஆம் ஆண்டளவில் 'பெண்மதி மாலை'யும், அதனோடு 'பெண்கல்வி' என்னும் உரைநடையும் வந்தன. அறத்தைச் செய்யுளில் சொல்வது நம் மரபு. மனப்பாடம் செய்வதும் எளிது. ஆனால் மனப்பாடம் செய்தவன் மனம் மாறிவிட்டான் என்று யார் உறுதி கூற முடியும்?

இந்த ஐயம் வேதநாயகருக்கு இருந்திருக்க வேண்டும். 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தபோது அதன் முன்னுரையில் தம் நோக்கத்தை வெளிப்படையாகவே குறிப்பிட்டார். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையை நீக்க வேண்டும் என்பது ஒன்று. தாம் முன்னர் நீதிநூலில் விதித்த அறங்களுக்கு உதாரணங்கள் காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதை எண்ணிப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் 'இதைச் செய், இதைச் செய்யாதே' என்று எழுதியவர், இப்போது 'செய்தவன் என்னவானான், செய்யாதவன் என்னவானான் என்று பார்' என்கிறார். விதியிலிருந்து எடுத்துக்காட்டுக்கு வருகிறார். கட்டளையிலிருந்து இணங்க வைத்தலுக்கு வருகிறார்.

கதையைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தும் வழி நம் மண்ணில் அவருக்கு முன்பே உண்டு. நம் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், ஐரோப்பியக் குருக்கள் பேச்சுத் தமிழைக் கற்பதற்கென்று 'பரமார்த்த குருவின் கதை'யை எழுதினார். அது 1822இல் இலண்டனில் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சாயிற்று. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களையும் நினைத்தாலே சிரிப்பு வரும். ஆனால் அந்த ஐவரில் ஒருவர் செயலை மற்றொருவருக்கு மாற்றிக் கொடுத்தாலும் கதை மாறாது. அவர்கள் ஐந்து பெயர்கள் தாங்கிய ஒரே குணம். மொழியைக் கற்பிக்க அது போதும். மனிதரைக் கற்பிக்கப் போதாது. அதற்கு ஒருவர் அருகில் வேறொருவர் நிற்க வேண்டும்.

குணத்துக்கு எதிரே குணம்

பிரதாபன் சத்தியபுரியில் பிறந்த செல்வர் வீட்டுப் பிள்ளை. செல்லத்தால் கெட்ட பிள்ளை. அவனை யாரும் அடிக்கக் கூடாது. ஆகவே அவன் பாடத்தில் தவறும்போதெல்லாம் அவனோடு படிக்கும் ஏழைச் சிறுவனான கனகசபை அடிவாங்குகிறான். இந்த ஒரு காட்சியில் செல்வமும் வறுமையும், அறியாமையும் பொறுமையும், தவறு செய்தவனும் தண்டனை பெற்றவனும் ஒரே திண்ணையில் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். ஆசிரியர் அங்கே ஒரு நீதிபோதனையும் செய்யாவிட்டாலும் படிப்பவன் உள்ளம் கொதிக்கும்.

மறுபுறம் ஞானாம்பாள். பிரதாபனின் மாமன் மகள். அறிவிலும் நிதானத்திலும் அவனுக்கு மேலானவள். அவன் ஆத்திரப்படும் இடத்தில் அவள் ஆராய்கிறாள். அவன் அகப்பட்டுக்கொள்ளும் இடத்தில் அவள் வழி காண்கிறாள். பின்னர் இருவரும் பிரிய நேர்ந்தபோது, ஆண்வேடம் பூண்டு சென்ற ஞானாம்பாளுக்கு விக்கிரமபுரியில் யானை மாலை சூட்ட, அவள் அரசனாகவே ஆட்சி செய்கிறாள். கணவனோ அதே நாட்டில் சிறைப்பட்டவனாக அவள் முன் நிற்கிறான். பெண்ணுக்கு எழுத்தறிவு வேண்டுமா என்று திண்ணைகளில் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. வேதநாயகர் அந்த வாதத்தில் நேரே நுழையாமல், கற்ற பெண்ணையும் கல்லாமல் வளர்ந்த ஆணையும் அருகருகே நிறுத்தி, 'இவர்களுள் யாரிடம் ஒரு நாட்டை ஒப்படைப்பீர்கள்?' என்று கேட்டுவிட்டார்.

குண வேறுபாட்டைக் காட்டுவது அழகுக்காக மட்டும் செய்யப்படும் உத்தி அன்று என்பது இங்கே விளங்குகிறது. அது ஒரு வாதமுறை. விவிலியத்தை அறிந்த நமக்கு இது புதிதுமன்று. பரிசேயரும் வரிதண்டுபவரும் ஒரே ஆலயத்தில் நின்று செபிக்கிறார்கள். ஊதாரி மைந்தனும் அவன் அண்ணனும் ஒரே தந்தையின் வீட்டுக்கு உரியவர்கள். தாவீது அரசரின் குற்றத்தைச் சுட்ட வந்த நாத்தான் இறைவாக்கினர், ஆடுமாடுகள் மிகுந்த செல்வனையும் ஒரேயோர் ஆட்டுக்குட்டி வைத்திருந்த ஏழையையும் அருகருகே வைத்துக் கதை சொன்னார். தீர்ப்பை அவர் சொல்லவில்லை. அரசரே சினந்து சொன்னார். அதன் பிறகே அந்த மனிதன் யார் என்பதை நாத்தான் வெளிப்படுத்தினார். கேட்பவன் தானே தீர்ப்புக்கு வந்துசேரும்படி செய்வதே இணங்க வைத்தலின் உச்சம். மாயூரம் முனிசீப் இந்த மரபில் வளர்ந்தவர்.

ஜான்சனும் வேதநாயகரும்

முன்னுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. கதையின் முக்கிய மாந்தரை முற்றிலும் நற்குணம் உடையவர்களாகவே படைத்திருப்பதாகவும், இது ஆங்கில அறநெறியாளர் டாக்டர் ஜான்சனின் கருத்தைத் தழுவியது என்றும் வேதநாயகர் குறிப்பிடுகிறார். சாமுவேல் ஜான்சன் 1750இல் தாம் நடத்திய 'இராம்பிளர்' இதழில் நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இத்தகைய கதைகளைப் பெரும்பாலும் படிப்போர் இளைஞரும் உலக அனுபவம் இல்லாதவருமே. நன்மையும் தீமையும் ஒரே மனிதனிடம் கலந்து கவர்ச்சியாகக் காட்டப்பட்டால் அவர்களுக்குத் தீமையின்மீது வெறுப்பு மறைந்துவிடும். ஆகவே கதாசிரியன் எதைப் பின்பற்றத் தருகிறோம் என்று கருதியே எழுத வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். இளையோர்க்கான நாவல் என்று இன்று தனிப் பிரிவாகப் பேசப்படும் பொருளின் முக்கியமான கேள்வி இதுவே. வேதநாயகர் தம் நூலை இளையோர் கையில் வைத்து எண்ணிப் பார்த்தார் என்பதற்கு இந்தச் சான்று போதும்.

ஆயினும் ஒரு முரண்பாடு உண்டு. முற்றிலும் நல்லவர்கள் என்று முன்னுரை சொல்கிறது. செல்லத்தால் கெட்டு, கல்வியை இகழ்ந்து, தன் தவற்றுக்குப் பிறனை அடிவாங்க வைத்த சிறுவனைக் கதை காட்டுகிறது. இதை எவ்வாறு இணைப்பது? விடை, கதையைச் சொல்லும் முறையில் இருக்கிறது. பிரதாபன் தன் கதையைத் தானே சொல்கிறான். தவறு செய்தவன் சிறுவன் பிரதாபன். அதை மறைக்காமல் எடுத்துரைப்பவன் திருந்திய பிரதாபன். ஞானாம்பாளுக்கும் பிரதாபனுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிட நுட்பமான வேறுபாடு, ஒரே மனிதனின் இவ்விரு பருவங்களுக்கு இடையே இருக்கிறது. நல்லொப்புரவு அருளடையாளத்தைப் பெற்றவர்களுக்கு இந்தக் குரல் பழகிய குரலாகத் தோன்றலாம்.

வழக்கின் ஒழுங்கு

இனி வேதநாயகர் வாதத்தை அமைக்கும் முறைக்கு வருவோம். முதலில் மாறுபட்ட கருத்து அதன் இயல்பான குரலில் சொல்லப்படுகிறது. செல்வருக்குக் கல்வி வேண்டாம் என்ற எண்ணத்தைப் பிரதாபனே வெளியிடுகிறான். அவனுக்குச் செல்லம் கொடுக்கும் பெரியவர்களும் அதற்குத் துணை நிற்கிறார்கள். அதன் பிறகே அவன் தாய் சுந்தரத்தண்ணி கல்வியின் தேவையை விரிவாக எடுத்துரைக்கிறாள். கனகசபை பட்ட அடிகள் கதைக்குள்ளேயே சாட்சியமாக இருக்கின்றன. பிரதாபனின் பிற்கால வாழ்வு தீர்ப்பாக அமைகிறது. வாதம், எதிர்வாதம், சாட்சியம், தீர்ப்பு என்ற நீதிமன்ற ஒழுங்கு இதுவே.

பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் திருமணம் பேசும் இடத்தில் இரு தந்தையருக்கும் மூளும் பூசலையும் பாருங்கள். மணமான பின் பிள்ளைகள் எந்த வீட்டில் வாழ்வது என்பதே சிக்கல். மகளைப் பிரிய மனமில்லாத தந்தைக்கு ஒரு நியாயம் இருக்கிறது; மகனை மாமனார் வீட்டுக்கு அனுப்ப மனமில்லாத தந்தைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இருவரும் தீயவர்கள் அல்லர். இருவரும் தம் நியாயத்தை மட்டுமே கேட்கிறார்கள். அதனால் இரு பிள்ளைகளின் வாழ்வு அல்லலுறுகிறது. இத்தகைய குடும்ப வழக்குகள் எத்தனையை அவர் முனிசீப் நாற்காலியில் இருந்து கேட்டிருப்பார்!

நூலின் மிகத் துணிவான வாதம் மொழியைப் பற்றியது. நீதிபதியும் தமிழர், வழக்காடுவோரும் தமிழர், வழக்கறிஞரும் தமிழர். அப்படியிருக்க வாதம் மட்டும் ஆங்கிலத்தில் ஏன் என்னும் கேள்வியை நாவலில் எழுப்பி, தாய்மொழியைப் புறக்கணிக்கும் வழக்கறிஞர்களைக் கடிந்துரைக்கிறார். ஆங்கிலம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அம்மொழியால் உயர்ந்தவர் அவர். தன் வாழ்வையும் சொத்தையும் பற்றிய பேச்சு தனக்கு விளங்காத மொழியில் நடக்க, ஓர் ஏழை கூண்டில் ஊமையாக நிற்கும் அநீதியையே அவர் எடுத்துக்காட்டினார். தமிழ்நாட்டு ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. 1976இல் செய்யப்பட்ட திருத்தத்தால் கீழமை நீதிமன்றங்களிலும் தமிழுக்கு இடம் கிடைத்தது. உயர்நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலமே. 1879இல் ஒரு கதைப்புத்தகத்தில் தொடங்கிய வாதம் இன்னும் முடிவு பெறவில்லை.

கேட்பவரின் திண்ணையில் அமர்ந்து

ஒரு கத்தோலிக்க வாசகர் இந்நூலைப் படிக்கையில் வியப்பு அடையலாம். 'தேவமாதா அந்தாதி'யும் 'பெரியநாயகி அம்மை பதிக'மும் பாடிய பக்தர் இவர். ஆனால் நாவலின் மாந்தர் தொண்டைமண்டல முதலியார் குடும்பத்தவர். பழக்க வழக்கங்களும் அவர்களுடையவையே. ஏன் இப்படி? அவருடைய விசுவாசம் தளர்ந்ததாலன்று. தம் வாசகர்களில் பெரும்பாலோர் பிற சமயத்தவர் என்பதை அவர் அறிந்திருந்தார். கேட்பவன் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறான். அவனை மனம் மாற்ற விரும்புபவன் அத்திண்ணைக்குச் சென்று அமர வேண்டும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர்; அவர்மீது 'குளத்தூர்க் கோவை' பாடியவர். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரோடும் வேதநாயகருக்கு நட்பு இருந்தது. 1878இல் அவர் வெளியிட்ட கீர்த்தனை நூலின் பெயரே 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. 1876 முதல் 1878 வரை தென்னகத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் அவர் தம் பொருளைச் செலவிட்டு மாயூரத்தில் ஏழைகளுக்கு உணவளித்தார். அதைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய சைவர் ஒரு கிறிஸ்தவரைப் பாடினார் என்றால், எந்த வாதம் அவரை இணங்க வைத்தது? பஞ்ச காலத்தில் ஊற்றப்பட்ட கஞ்சியே. எழுத்தால் இணங்க வைப்பவனுக்கு அவன் வாழ்வே முதல் சாட்சி என்பதையும் இந்த வரலாறு கற்பிக்கிறது.

குறைகளும் உண்டு

இந்நூலைக் குறையற்றது என்று சொன்னால் வேதநாயகரின் முறைக்கே நாம் துரோகம் செய்தவர்கள் ஆவோம். எதிர்த்தரப்பையும் கேட்போம். அறவுரைகள் பல இடங்களில் கதையை நிறுத்திவிடுகின்றன. கிளைக்கதைகள் மிகுதி. நல்லவர்கள் மிக நல்லவர்களாக இருப்பதால் அவர்களது உள்ளப் போராட்டம் நமக்குத் தெரிவதில்லை. 1893 முதல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வந்த இராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திர'த்திலும், 1898இல் வந்த மாதவையாவின் 'பத்மாவதி சரித்திர'த்திலும் குறையும் நிறையும் கலந்த மாந்தரைக் காண்கிறோம். ஜான்சனின் எச்சரிக்கையைத் தமிழ் நாவல் விரைவிலேயே கடந்து சென்றது. நாடாண்ட ஞானாம்பாளும் முடிவில் ஆட்சியைத் துறந்து கணவனோடு ஊர் திரும்புகிறாள். பெண் ஆளத் தகுதியுடையவள் என்று காட்டிய கதை, ஆண்வேடமின்றி அவள் ஆள முடியும் என்று காட்டத் துணியவில்லை. இந்த இடத்தில் இன்றைய மாணவி ஒருத்தி வேதநாயகரோடு வாதிடலாம், வாதிட வேண்டும். அப்படி வாதிடக் கற்றுக்கொள்வதற்கும் இதே நூல்தான் அவளுக்கு உதவும்.

தாளை இரண்டாக மடித்து

அந்தக் கோடைக்குப் பின் நான் கட்டுரை கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. மாணவர்கள் தாளை நெடுக்கில் இரண்டாக மடிக்க வேண்டும். இடப்பக்கம் பிரதாபன், வலப்பக்கம் ஞானாம்பாள். ஒரு நிகழ்ச்சியில் இவன் என்ன செய்தான், அவள் என்ன செய்தாள் என்று எழுத வேண்டும். குணப்பெயர்களை எழுதக் கூடாது. செயல்களை மட்டுமே எழுத வேண்டும். 'அவள் அறிவுள்ளவள்' என்று எழுதினால் ஏற்கமாட்டேன். அவள் என்ன செய்ததால் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்பேன். செயல்களை வரிசைப்படுத்தியபின் குணம் தானாகவே தெரியவரும்.

அடுத்த பயிற்சி வாதத்துக்கு உரியது. மீண்டும் தாளை மடிப்போம். இடப்பக்கம் தமக்கு உடன்பாடு இல்லாத கருத்தை, அதைச் சொல்பவரே படித்துப் பார்த்து 'ஆம், நான் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும். அதன் பிறகே வலப்பக்கம் மறுப்பு. இரு தந்தையரின் பூசலை இவ்வாறு எழுதச் சொன்னபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்து வழக்காடியது. மகளைப் பெற்றவரின் பக்கத்தை ஆண்பிள்ளைகளையும், மகனைப் பெற்றவரின் பக்கத்தைப் பெண்பிள்ளைகளையும் எழுதச் செய்தேன். தம் வீட்டில் கேட்ட பேச்சுகளையெல்லாம் அவர்கள் கொட்டினார்கள். வெள்ளத்தால் அழியாது என்ற தொடர் ஒரு தாளிலும் வரவில்லை.

இதனால் மதிப்பெண் கூடியதா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. தேர்வுத்தாளில் எதிர்த்தரப்புக்கு இடமில்லை என்பதை நானும் அறிவேன். ஆனால் தேர்வு முடிந்தபின் நம் பிள்ளைகள் நுழையப்போகும் உலகில் எதிர்த்தரப்பே அதிகம். பங்குப் பேரவையிலும் ஊர்க்கூட்டத்திலும் தேர்தல் மேடையிலும், குடும்பத்தில் கல்யாணம் பேசும் பந்தியிலும்கூட, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு முடிக்குமுன் மறுக்கத் தொடங்குகிறோம். எதிராளியின் கருத்தை நேர்மையாக எடுத்துரைக்கத் தெரியாதவன் தன் கருத்தையும் சரியாக அறிந்தவன் அல்லன். உரத்த குரல் அவனுக்கு இருக்கலாம், வாதம் இருக்காது. அன்பின் ஒரு வடிவம் பிறரை முழுமையாகக் கேட்பது என்று நாம் மறையுரைகளில் கேட்கிறோம். அதையே ஒரு முனிசீப் தம் தொழிலிலும் கதையிலும் செய்து காட்டினார்.

நான் சுழியம் போட்ட அந்த மாணவனின் கட்டுரை என்னிடம் இல்லை. விடைத்தாள்களோடு அவனிடமே திருப்பித் தந்துவிட்டேன். அவன் அதைக் கிழித்தெறிந்திருப்பான். இன்று அது கையில் கிடைத்தால் வகுப்பில் உரக்கப் படித்துக்காட்டி, 'இதற்கு விடை எழுதுங்கள்' என்று சொல்லியிருப்பேன். கல்வி ஏழைக்குச் சோறு தராதபோதும் அது செல்வம்தானா என்னும் கேள்வி எளிய கேள்வியன்று. சுந்தரத்தண்ணியின் விடை செல்வர் வீட்டு மகனுக்குச் சொன்ன விடை. கரும்பு வெட்டும் வீட்டு மகனுக்கு வேறு விடை வேண்டும். அதை எழுத வேண்டியவன் நான். எழுதாமல் சிவப்பு மையை எடுத்தேன்.

ஆலைச் சங்கு ஊதும் இந்த ஊரில், கரும்பு ஏற்றிய வண்டிகளுக்கு வழிவிட்டபடி இன்றும் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள். அவர்களுள் எவனாவது நாளை தலைப்புக்கு மாறாக ஒரு கட்டுரை எழுதக்கூடும். பெற்றோரே, ஆசிரியர்களே, அதைக் கடைசி வரிவரை படியுங்கள். மறுப்பு இருந்தால் அதன் கீழே எழுதுங்கள். மாயூரத்து முனிசீப் அதைத்தான் செய்தார்; அவ்வாறுதான் தமிழில் ஒரு புதிய இலக்கியமே பிறந்தது.